ஆறாங்கட்டைத் தோட்டத்துக் கற்கள்

கூலாய் ஸ்டேஷனில் ரயில் நின்றதும் முதலில் வந்து மோதியது அந்த வாடைதான். புளித்த பாலும் ஈரவிறகுப் புகையும் கலந்த வாடை. ரப்பர் ஷீட்டைப் புகைபோடும் கொட்டகையிலிருந்து வருகிறது என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். அவர் சொல்வதற்கு முன்பே என் மூக்கு அதை அடையாளம் கண்டுவிட்டது. புதுக்கோட்டைப் பக்கத்தில், அக்காள் வீட்டில், நெற்குதிருக்கு மேலே ஆணியில் பன்னிரண்டு வருஷமாகத் தொங்கும் வெள்ளைக் கோட்டின் வாடை அது. அத்தான் கடைசியாக ஊருக்கு வந்தபோது போட்டிருந்தது. "கப்பல்ல அழுக்காயிடும், இருக்கட்டும்" என்று விட்டுப் போனார். அக்காள் அதை ஒருநாளும் வெளுக்கப் போட்டதில்லை.

அத்தான் மருதப்பன் இந்தக் கூலாய்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கங்காணி. அந்தமுறை வந்தவர் எங்களைச் சுற்றியுள்ள ஆறேழு கிராமங்களில் ஆள் திரட்டி, நாற்பது பேரோடு கப்பலேறினார். ஒரு வருஷம் கடிதம் வந்தது. பிறகு இல்லை. திரும்பி வந்த ஒன்றிரண்டு பேர் சீக்கிரமே வேறு தோட்டத்துக்கு மாறிப்போனவர்கள். "காய்ச்சல்ல நிறையப் பேர் போயிட்டாங்க" என்பதற்கு மேல் அவர்களுக்கு எதுவும் தெரியவில்லை.

நான் கிளம்பும்போது அக்காள் செல்லாயி அழவில்லை. "உசிரோட இருந்தா கூட்டிக்கிட்டு வா. இல்லேன்னா செத்த நாளை எழுதிக்கிட்டு வா. என்னிக்குச் சோறு படைக்கறதுன்னு தெரியாம எத்தனை வருஷம் உக்காந்திருக்கறது?" என்றாள். மகளுக்கு ஆவணியில் கல்யாணம். அந்தப் பந்தலில் தான் சுமங்கலியாக முன்னால் நிற்பதா, கதவுக்குப் பின்னால் நிற்பதா என்பதும் அந்தக் கேள்விக்குள் இருந்தது. அதை அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை. அக்கம்பக்கத்து ஊர்களில் இருந்தும் ஆட்கள் வந்து, மகன் பெயர், தம்பி பெயர் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் கெட்டி அட்டை போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கிக்கொண்டேன்.

ரப்பர் விலை விழுந்து கிடக்கும் காலம். துறைமுகத்தில் நான் இறங்கும்போது, வேலை போன தமிழர்கள் கூட்டம் கூட்டமாக ஊருக்குக் கப்பலேறக் காத்திருந்தார்கள். நான் ஒருவன் எதிர்த்திசையில் வருவதைப் பார்த்து ஒரு கிழவர், "தம்பி, தப்பான பக்கம் போறீங்க" என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். ஆறாம் மைல்கல் அருகே இருப்பதால் தமிழர்கள் வாயில் அது ஆறாங்கட்டைத் தோட்டம். ஆபீசில் இருந்த கிராணி, அதாவது கணக்கப்பிள்ளை, யாழ்ப்பாணத்துக்காரர். வந்து இரண்டு வருஷந்தான் ஆகிறதாம். மருதப்பன் என்ற பெயர் அவருக்குத் தெரியாது. "பழைய ஏடெல்லாம் செல்லரித்துப் போய்விட்டது. இடுகாட்டில் கல்லுகள் நிற்கின்றன, போய்ப் பாருங்கோ" என்றார். அவித்த மரவள்ளிக் கிழங்கும் சுட்ட கருவாடும் கொடுக்கச் சொன்னார். பசியில் கிழங்கு நன்றாகத்தான் இருந்தது. விழுங்கும்போதுதான் சோற்றின் அருமை தெரிந்தது.

இடுகாடு, ரப்பர்ப் பால்மரங்கள் முடிந்து சதுப்பு தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. மேட்டு நிலத்தில் மரம், பள்ளத்தில் மனிதன். லாலான் புல் இடுப்பளவு. அதற்குள் சிமெண்டுப் பலகைகள், ஒரு முழ உயரம், சில சாய்ந்தும் சில குப்புற விழுந்தும். பாசியைச் சுரண்டி எடுத்தால்தான் எழுத்து தெரியும். எங்கள் ஊர்க் கோயில் சுவரில், எந்தக் காலத்திலோ எவரோ விளக்குக்கு ஆடு விட்ட செய்தியைத் தடவிப் படித்துவிடலாம். வெயில் எழுத்தைக் காப்பாற்றும். இங்கே தினமும் பெய்கிற மழை, பன்னிரண்டு வருஷத்து எழுத்தைச் சப்பித் துப்பிவிட்டிருந்தது.

நான்காவது கல்லிலோ ஐந்தாவது கல்லிலோ அதைப் பார்த்தேன். மேல் வரியில், விரல் நுழைகிற ஆழத்தில், மருதப்பன் என்று இருந்தது. கீழே இரண்டு வரிகள் இருந்த தடம் மட்டும். நான் உட்கார்ந்துவிட்டேன். அட்டை ஒன்று கணுக்காலில் ஏறி நன்றாகக் குடித்துப் பருத்து, தானாக விழும்வரை உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. ஒரு பெரிய வேலை இத்தனை சீக்கிரம் முடிந்துவிட்டதே என்ற வெட்கங்கெட்ட நிம்மதிதான் வந்தது. அதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

ஆபீசுக்குத் திரும்பினேன். சாயந்தர ரயிலுக்குத் தபால் பை கட்டிக்கொண்டிருந்தார்கள். நின்றபடியே அக்காளுக்கு எழுதினேன்: 'அத்தான் கல்லைப் பார்த்தேன். பெயர் தெளிவாக இருக்கிறது. நாள் அழிந்திருக்கிறது, அதைப் படித்து அடுத்த தபாலில் எழுதுகிறேன். மனதைத் திடப்படுத்திக்கொண்டு செய்ய வேண்டியதைச் செய்.' பை கட்டப்பட்டது, வண்டி ஏறியது. அந்தக் கடைசி வாக்கியத்துக்கு என்ன பொருள் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் ஒரு கிண்ணம் அரிசி மாவோடு போனேன். ஈரக்கல்லில் மாவைத் தேய்த்துத் துடைத்தால் பள்ளத்தில் வெள்ளை தங்கும். அழிந்த எழுத்தும் சில சமயம் கண்ணைத் திறக்கும். அத்தான் கல்லுக்கு மாவு தடவினேன். நாள் வரவில்லை. எறும்புதான் வந்தது. இருக்கட்டும், வெயில் சாயும்போது பார்க்கலாம் என்று அடுத்த கல்லைத் துடைத்தேன்.

மருதப்பன்.

கை தானாக நின்றது. அதற்கு அடுத்தது ஒரு மலையாளத்தான் கல். அதற்கும் அடுத்தது மருதப்பன். புல்லை இரண்டு கையாலும் பிய்த்து எறிந்துகொண்டு போனேன். மருதப்பன். மருதப்பன். ஒரு சாண் உயரமே உள்ள கல் ஒன்று, அதிலும் மருதப்பன். ஒரு மனிதனை எத்தனை தடவை புதைப்பார்கள்? புல்லில் கை அறுத்து ரத்தம் வந்ததைப் பிற்பாடுதான் பார்த்தேன்.

"மெதுவாங்க. அதுக்குள்ள பாம்பு கெடக்கும்," என்று பின்னாலிருந்து குரல். மண்வெட்டியோடு ஓர் ஆள். ஐம்பது வயதிருக்கும், முன்பல் இரண்டு இல்லை. பெயர் பொன்னன். இந்தத் தோட்டத்தில் அன்றுமுதல் இன்றுவரை குழி வெட்டுவதும் கல் வார்ப்பதும் அவர்தான்.

"இது எல்லாத்திலேயும் ஏன் ஒரே பேர்?" என்று கேட்டேன். கத்தினேன் என்பதுதான் சரி.

அவருக்கு என் கோபம் வேடிக்கையாக இருந்தது. "கங்காணி பேரைப் போடாம கல்லு வைக்க முடியுமா? காலையில பெரட்டுல ஆள் கணக்கெடுக்கக் கூப்பிடறப்பவும் மருதப்பன் ஆளுங்கன்னுதான் கூப்பிடுவாங்க. செத்தா மட்டும் தனி ஆளாயிடுவானா? ஆபீசு ஏட்டுல கங்காணி பேரு மேல, ஆள் பேரும் நம்பரும் கீழ, நாள் அதுக்கும் கீழ. கிராணி சீட்டுல எழுதிக் குடுப்பாரு. எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. சீட்டைப் பார்த்துக் கோலம் போடற மாதிரி அப்படியே போட்டுடுவேன்."

"அப்ப கீழ் வரியெல்லாம் ஏன் அழிஞ்சு போச்சு? மேல் வரி மட்டும் நிக்குதே?"

பொன்னன் மடியிலிருந்து பால் வெட்டுகிற உளியை எடுத்துக் காட்டினார். ஆணியெல்லாம் இல்லை, இதனால்தான் கீறுவாராம். "சிமெண்டு ஈரமா இருக்கறப்ப மேலேருந்து ஆரம்பிப்பேன். உளி நல்லா எறங்கும். மெதுவாப் போடணுமில்ல, எழுத்து தெரியாதவன்! அடுத்த வரிக்கு வர்றதுக்குள்ள சிமெண்டு இறுகிடும். மூணாவது வரி சும்மா கீச்சல்தான். ஒரு நாளைக்கு ரெண்டு மூணு கல்லு வார்த்த காலம் அது. நின்னு நிதானமாச் செய்ய யாரு விட்டா?"

அவர் மேல் தப்புச் சொல்ல முடியவில்லை. எழுத்து என்றால் முக்கியமானது முதலில் வரவேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. சீட்டில் எது மேலே இருந்ததோ அதை மேலே போட்டார். செத்தவனின் பெயரும் செத்த நாளும், சிமெண்டு இறுகிய பிறகு கிடைத்த இடத்தில் விழுந்தன. மழைக்கு அவைதான் முதலில் போயின.

அப்போதுதான் கடிதம் நினைவுக்கு வந்தது. ஆபீசுக்கு ஓடினேன். கிராணி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அது நேற்றே சிங்கப்பூருக்குப் போயிருக்கும். இன்றைக்குக் கப்பலிலும் ஏறியிருக்கும்" என்றார். போய்ச் சேரப் பத்து நாள், பன்னிரண்டு நாள். கப்பலைவிட வேகமாகப் போவது தந்தி ஒன்றுதான். ஆனால் தந்தியில் என்ன சொல்வேன்? கல் அவருடையது இல்லை என்றா? அப்படியானால் ஆள் எங்கே? அவரும் செத்திருந்து, கல்லில்லாமல் போயிருந்தால்? ஒரு தடவை அவசரப்பட்டதற்கே இந்தக் கதி.

இடுகாட்டுக்குத் திரும்பி நடந்தேன். பொன்னன் ஒரு குப்புறக் கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தார். "மருதப்பன் கங்காணி என்ன ஆனார்?" என்று கேட்டேன்.

"ஆள் செத்தா கங்காணி என்ன ஆவாரு? ஆளில்லாத கங்காணி ஆவாரு. ஒருநாள் பெரட்டுக்கு வரல. போயிட்டாரு. போன வருஷம் பொந்தியான்ல, கொப்பரை காயவைக்கற கொட்டகையில பார்த்ததா ஒருத்தன் சொன்னான்." பிறகு, "நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்றார்.

"மச்சினன்."

பொன்னன் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. அன்று முழுவதும் கூட இருந்து, கற்களை நிமிர்த்திக் கொடுத்தார். மருதப்பன் பெயர் தாங்கிய கற்கள் பத்தொன்பது. கீழ் வரியில் பெயர் தேறியது ஆறில். நாள் ஒன்றிலும் தேறவில்லை. மற்றவர் கற்களையும் எழுதினேன். ஒன்றில் பெயரே கிடையாது, 'பெண் குழந்தை' என்று மட்டும். "பேரு வைக்கறதுக்குள்ள போயிடுச்சு" என்றார் பொன்னன்.

புதன்கிழமை பொந்தியானுக்குப் பஸ். ஸ்கூடாயில் மாற வேண்டும். நாலு கடைகளும் ஓர் ஆறும் சேர்ந்தால் அது ஸ்கூடாய். சீனர் கடையில் கருப்புக் கோப்பி, அடியில் ஒரு விரல் டின்பால். கலக்காமல் குடித்துவிட்டு, கடைசியில் பாலைக் கண்டுபிடித்தேன். நம் ஊரில் காப்பியை ஆற்றி ஆற்றிக் கொடுப்பார்கள். இங்கே அவரவர் கசப்பை அவரவர்தான் கலக்கிக்கொள்ள வேண்டும்.

பொந்தியான் பஸ்ஸில் மனிதர்களைவிட அன்னாசிப்பழம் அதிகம். பாதி வழியில் மரப்பாலம் ஒன்றின் பலகை உடைந்து பின்சக்கரம் தொங்கியது. டிரைவர் மலாயில் ஏதோ சொல்ல, ரோட்டு வேலைக்குப் போகும் தமிழர் ஒருவர் எனக்கு விளக்கினார்: "கோட்டுப் போட்டவங்களும் எறங்கித் தள்ளணுமாம். உங்களைத்தான் சொல்றான்." தள்ளினோம். எனக்குப் பக்கத்தில் மடியில் கோழியோடு வந்த ஜாவாக்காரப் பாட்டி, நான் நோட்டில் என்ன எழுதுகிறேன் என்று விசாரித்தாள். செத்தவர்கள் பெயர் என்று அந்தத் தமிழரே சொல்லிவிட்டார். பாட்டி கோழியை எடுத்து மடியின் மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள்.

பொந்தியான் போய்ச் சேரும்போது பொழுது போய்விட்டது. நாகூர்ப் பக்கத்து மரைக்காயர் ஒருவர் வைத்திருக்கும் சோற்றுக்கடையில் தங்க இடம் கிடைத்தது. மீன் குழம்பு, கடலோரத்துக் கைப்பக்குவம். பல நாளைக்குப் பிறகு வயிறு ஊர்ப்பாஷை கேட்டது. அத்தானின் பெயரைச் சொன்னதும் அவர் யோசிக்கக்கூட இல்லை.

"கொப்பரைக் கொட்டகை மருதப்பனா? மலாய்க்காரங்க குடியிருக்கிற கம்பத்துக்கு அந்தாண்டை இருக்காரு. ஊர்க்காரங்க யாராச்சும் சாப்பிட உக்காந்திருந்தா கடைக்குள்ளயே வரமாட்டாரு. வெளியே நின்னு வாங்கிட்டுப் போயிடுவாரு."

வியாழக்கிழமை காலை, சேற்றுக் கடற்கரை ஓரமாக, தென்னைகளுக்கு நடுவே இரண்டு மைல் நடந்தேன். கொட்டகை வாசலில் ஒருவர் தேங்காய் மட்டை உரித்துக்கொண்டிருந்தார். வயிறு ஒரு பக்கம் கட்டி போல உப்பியிருந்தது, காய்ச்சல்காரர்களுக்கு வருகிற கட்டி. நிமிர்ந்து பார்த்தார். உரிப்பதை நிறுத்தவில்லை.

"வா மாப்ளே," என்றார். "கிழவனாயிட்டியே."

"நீங்க செத்துப்போயிட்டீங்கன்னு வீட்டுக்கு எழுதிட்டேன் அத்தான்" என்றேன். அதுதான் வாயில் வந்தது.

மட்டை உரிக்கிற இரும்பிலிருந்து தேங்காய் நழுவியது. உள்ளே இருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், கையில் கொப்பரைக் கத்தி. இடுப்பில் ஒரு குழந்தை. அத்தான் சுருக்கமாகச் சொல்லி முடித்தார்: "அஞ்சலை. நம்ம பக்கந்தான். புருஷன் என்னோட வந்தவன். ஏழாவதாப் போனான்."

ஏழாவது. அவர் எண்ணிக்கை வைத்திருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. நோட்டை விரித்தேன். "பத்தொம்பது கல்லு எழுதிட்டு வந்திருக்கேன். நாள் ஒண்ணும் தெரியல. வீட்டுக்காரங்க கேக்கறாங்க" என்றேன்.

அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். "எழுது. மொத ஆளு வெள்ளையன். ஐப்பசி, அமாவாசைக்கு மறுநாள். குழியில தண்ணி ஊறி ஊறி வந்துச்சு, இறைச்சு இறைச்சுத்தான் எறக்கினோம். ரெண்டாவது சின்னக்கருப்பன். அதே வாரம், வெள்ளிக்கிழமை. தண்ணி கேட்டான், கொண்டாறதுக்குள்ள..." ஒவ்வொன்றாக வந்தது. மாதம், பிறை, மழை, என்ன கேட்டான், யார் தூக்கினார்கள். ஏழாவதுக்கு வந்தபோது குரல் மாறவில்லை. கதவருகே நின்ற அஞ்சலைதான் உள்ளே போனாள். பத்தொன்பதும் முடியும்போது மத்தியானம் தாண்டியிருந்தது. என் கை வலித்தது. அவர் கண்ணைத் திறக்கவே இல்லை.

"ஊருக்கு வந்திருக்கலாமே அத்தான்," என்றேன்.

"எந்த வழியா வர்றது? பத்தொம்பது வீட்டு வாசலைத் தாண்டித்தானே மாப்ளே எங்க வீட்டுக்கு வரணும்? எம்புள்ளை எங்கேன்னு ஒவ்வொரு வாசல்லயும் கேப்பாங்க. கங்காணி மட்டும் எப்படிப் பொழைச்சான்னு கேப்பாங்க." கண்ணைத் திறந்தார். "நீ எழுதினது நல்லதாப் போச்சு. நானும் அங்கதான் கெடக்கேன்னு இருக்கட்டும். செத்தவனை யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. செல்லாயியும் எத்தனை நாளைக்குத்தான் வாசலைப் பார்த்துக்கிட்டு இருப்பா? விட்டுடு. அந்தக் கடுதாசி போய்ச் சேரட்டும்."

"ஆவணியில மகளுக்குக் கல்யாணம்."

அவருடைய தாடை அசைந்தது. "அவளுக்கு அப்ப மூணு வயசு," என்றார். அப்புறம், "அதுக்காகத்தான் சொல்றேன். ஓடிப்போனவன் மகள்ங்கறதைவிடச் செத்தவன் மகள்ங்கறது நல்லது."

நான் எழுந்துகொண்டேன். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அவரும் வழியனுப்ப எழவில்லை. தென்னந்தோப்பு வழியாக நடக்கும்போது, அவர் சொன்னது ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகிக்கொண்டே வந்தது. அக்காள் அழுவாள், பிறகு ஓய்வாள். காத்திருப்பது தீரும். நாள் ஒன்றை நானே எழுதிவிடலாம். ஐப்பசியில் ஏதோ ஒரு நாள். பத்தொன்பதோடு இருபது. ஒரு வரிதானே? ஒரு மரத்தடியில் நின்றேன்.

பின்னால் ஓடி வருகிற சத்தம். அஞ்சலை. குழந்தை இல்லை, கத்தியை மட்டும் கீழே வைக்க மறந்திருந்தாள். மூச்சு வாங்கியது.

"அண்ணே, கடுதாசி இன்னும் போய்ச் சேரல இல்ல?"

"இல்லம்மா. இன்னும் ஒரு வாரமாவது ஆகும்."

"அப்பத் தந்தி குடுத்துடுங்க. இருக்காருன்னு."

"உண்மை தெரிஞ்சா ஊர்லேருந்து வந்து இவரைக் கூட்டிட்டுப் போயிடலாம்," என்றேன். "உனக்கும் குழந்தைக்கும்..."

"அது எனக்குத் தெரியாதா?" என்றாள். கழுத்தைத் தடவிக்கொண்டாள், அங்கே ஒரு கருப்புக் கயிறுதான் இருந்தது. "எனக்குத் தாலி அறுத்தப்ப பொணம் எதுக்கக் கெடந்துச்சு. பார்த்து அறுத்தேன். அந்தக்கா எதைப் பார்த்து அறுப்பாங்க? உங்க கடுதாசியையா?"

நாளைக்குக் காலையில் முதல் வேலையாக, என்று ஏதோ இழுத்தேன்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை, இங்க லீவு, தந்தி ஆபீசு திறக்கமாட்டான். நாளை, நாளன்னிக்குன்னு தள்ளினா இவரு சொல்றதுதான் நியாயம்னு படும். பக்கத்துலேயே இருந்தவ சொல்றேன், எனக்கு அப்படித்தான் ஆச்சு. நாலு மணிக்குச் சாத்திடுவான். நிக்காதீங்கண்ணே, ஓடுங்க."